கணுக்கால் சுளுக்கு: கட்டுப் போடுவது முதல் மறுபடி களம் இறங்குவது வரை

சோழவந்தான் பக்கம் ஈர வரப்பில் நடக்கையில், நிற்காத பஸ்ஸிலிருந்து இறங்குகையில், கபடியில் நடுக்கோட்டைத் தொடப் பாய்கையில், கீழக்குயில்குடி சமணர்மலைப் படியில் இறங்குகையில் கால் உள்பக்கமாக மடங்கிவிடும். வீங்கும். ஒரு வாரம் போனால் வீக்கம் வற்றி, வலி குறைந்து, நடையும் வந்துவிடும். சுளுக்கு சரியாகிவிட்டது என்று அத்தோடு விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அவர்களில் பலருக்கு அதே கால் சில மாதங்களில் மறுபடி மடங்குகிறது. பிறகு சமதரையிலேயே மடங்கத் தொடங்குகிறது.

வலி போவது ஒன்று, கால் தாங்குவது வேறு. இரண்டுக்கும் நடுவே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது, அதற்கு ஒரு வரிசையும் இருக்கிறது. வரிசையை மாற்றினால் பயிற்சியே காயமாகிவிடும். இங்கே சொல்வது பெரியவர்களுக்கு வரும் சாதாரண வெளிப்பக்கக் கணுக்கால் சுளுக்குக்கு. சிறுபிள்ளைகளுக்கு வளரும் எலும்பின் நுனியில் அடிபட்டிருக்கலாம் என்பதால் அவர்களை முதலில் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

1. கிழிவது எந்த ஜவ்வு, ஏன் அந்தப் பக்கம்?

கணுக்காலின் இரு பக்கமும் புடைத்திருக்கும் கரண்டை எலும்புகளைத் தொட்டுப் பாருங்கள். வெளிக்கரண்டை உள்கரண்டையைவிடக் கீழே இறங்கியிருக்கும். பாதம் வெளிப்பக்கம் சாயாமல் அந்த எலும்பே தடுத்துவிடுகிறது; போதாததற்கு உள்பக்கம் விசிறிபோல் விரிந்த தடித்த ஜவ்வும் இருக்கிறது. பாதம் உள்பக்கம் சாய்வதைத் தடுக்க அந்த அளவு எலும்பு இல்லை. வெளிப்பக்கத்து மூன்று ஜவ்வுகள்தான் அதைத் தாங்க வேண்டும்.

மூன்றில் முன்பக்கம் இருப்பதுதான் பலவீனமானது, முதலில் கிழிவதும் அதுதான். எம்ஆர்ஐ அறிக்கையில் ஏடிஎஃப்எல் என்று வரும். அடுத்தது குதிகால் எலும்புக்கு இறங்கும் சிஎஃப்எல். பின்பக்கம் இருக்கும் பிடிஎஃப்எல் கிழிவது அபூர்வம்.

கரண்டைகளுக்கு நடுவே பொருந்தி உட்காரும் தாலஸ் எலும்பு முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். கால்விரல்களை மேல்நோக்கி இழுத்தால் அகலமான பாகம் கரண்டைகளுக்கு நடுவே இறுகி, எலும்பே மூட்டைப் பூட்டிவிடும். விரல்களைக் கீழ்நோக்கி நீட்டினால் குறுகலான பாகம் உள்ளே வந்து மூட்டு தளரும். அதே நேரத்தில் முன் ஜவ்வு விறைத்து நிற்கும். விரல் கீழே, பாதம் உள்ளே: கிழிவது இந்த நிலையில்தான். படி ஏறும்போது மடங்குவதைவிட இறங்கும்போது மடங்குவது அதிகமாக இருப்பதற்கும் இதுவே காரணம். இனி வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு நிலையைச் சுற்றித்தான் அமைந்திருக்கின்றன.

ஜவ்வுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிடிகயிறு மாட்டை நிறுத்தவும் செய்யும், மாடு எந்தப் பக்கம் திமிறுகிறது என்று கைக்குச் சொல்லவும் செய்யும். ஜவ்வுக்குள் இருக்கும் நரம்பு முனைகள் மூட்டு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. ஜவ்வு கிழியும்போது அந்தத் தகவலும் பழுதாகிறது. கிழிசல் ஆறினாலும் தகவல் தானாகச் சீராவதில்லை; பழக்கித்தான் கொண்டுவர வேண்டும். பலரும் விட்டுவிடுவது இந்த வேலையைத்தான்.

2. முதலிலேயே எடுத்து வைக்க வேண்டியவை

10 செ.மீ. அகல கிரேப் பேண்டேஜ் இரண்டு; ஒன்றைத் துவைக்கப் போட்டால் மற்றது வேண்டும். ஐஸ் கட்டி, துண்டு, இரண்டு தலையணை. ஊன்றுகோல் ஒன்று, வலி அதிகமென்றால் கக்கத்தில் வைக்கும் கட்டை இரண்டு. குதிகாலைப் பின்னால் பிடிக்கும் செருப்பு அல்லது ஷூ. இரண்டாம் வாரத்துக்குப் பிறகு பழைய சைக்கிள் டியூப் ஒரு மீட்டர், தடித்த போர்வை ஒன்று.

கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் பிரேஸ் வாங்குவதானால் நாடா கட்டி இறுக்கும் வகையோ, இரு பக்கமும் விறைப்பான தகடு வைத்ததோ பார்த்து வாங்குங்கள். சாக்ஸ் போல இழுத்து மாட்டும் துணி உறை வீக்கத்துக்குக் கொஞ்சம் உதவும். கால் சாய்வதை அது தடுக்காது. விலை குறைவு என்று அதை வாங்கிக்கொண்டு களத்தில் இறங்குவது வீண் தைரியம்.

3. எலும்பு உடையவில்லை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

கட்டுக்கும் ஐஸுக்கும் முன்னால் இது. உடைந்த எலும்பைச் சுளுக்கென்று நினைத்து நடந்தால் எலும்பு விலகிவிடும். மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒட்டாவா விதி இதற்காகவே இருக்கிறது. ஒரு விரலால் இந்த இடங்களை அழுத்திப் பாருங்கள்:

வெளிக்கரண்டையின் நுனி, அங்கிருந்து அதன் பின்விளிம்பில் மேல்நோக்கி 6 செ.மீ. உள்கரண்டையிலும் அதே இடங்கள். பாதத்தின் வெளியோரம் நடுவில், சுண்டுவிரல் எலும்பு தொடங்கும் மேடு. பாதத்தின் உள்பக்கம், வளைவின் உச்சியில் தட்டுப்படும் எலும்பு.

இவற்றில் எங்கேனும் எலும்பின் மேலேயே வலித்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அடிபட்ட உடனேயும் இப்போதும், நொண்டியாவது நான்கு அடி வைக்க முடியவில்லை என்றாலும் எக்ஸ்ரேதான்.

இங்கே இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, வெளிக்கரண்டைக்கு முன்னால் இருக்கும் மெத்தென்ற பள்ளத்தை அழுத்திவிட்டு எலும்பு போச்சு என்று பயப்படுவது. அது முன் ஜவ்வின் இடம், சுளுக்கில் அங்கே வலிக்கத்தான் செய்யும். மற்றது ஆபத்தானது: "விரலெல்லாம் அசையுதுல்ல, எலும்பு ஒண்ணும் உடையல" என்று தீர்ப்புச் சொல்வது. விரலை அசைக்கும் தசைகள் முழங்காலுக்குக் கீழிருந்து வருகின்றன. கரண்டை உடைந்திருந்தாலும் விரல் அசையும்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கும், குடித்திருந்தபோது விழுந்தவர்களுக்கும் இந்தச் சோதனை செல்லாது. வலி தெரியாததால் தவறான நிம்மதி கொடுத்துவிடும். அவர்கள் நேரே எக்ஸ்ரே எடுப்பது நல்லது.

இன்னொரு சோதனை: கெண்டைக்காலின் நடுவை இரு பக்கமும் சேர்த்து அழுத்துங்கள். வலி கீழே கணுக்காலின் முன்பக்கம் பாய்ந்தால், முழங்காலுக்குக் கீழுள்ள இரண்டு எலும்புகளையும் இணைக்கும் மேல் ஜவ்வில் அடி. பாதம் தரையில் ஊன்றியிருக்க உடம்பு திரும்பினால் இப்படி ஆகும். அது ஆற அதிக நாள் பிடிக்கும், சில நேரம் அறுவை சிகிச்சையும் தேவைப்படும். இந்த வழிகாட்டியை அதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

4. முதல் மூன்று நாள்: கட்டு, உயரம், ஐஸ்

கட்டு. பாதத்தைக் காலுக்குச் செங்குத்தாக, விரல்கள் கூரையைப் பார்க்கும்படி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பாதம் தொங்கிய நிலையில் கட்டினால் முன் ஜவ்வு இழுபட்ட நீளத்திலேயே ஆறத் தொடங்கும். விரல்களின் அடியிலிருந்து ஆரம்பித்து இரண்டு சுற்று; பிறகு பாதத்தின் மேல் குறுக்கே ஏறி, கணுக்காலைச் சுற்றி, அடிப்பாதத்துக்கு இறங்கி எட்டு வடிவம். ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். குதிகால் மட்டும் திறந்து நின்றால் வீக்கம் அங்கே பிதுங்கும், அதையும் மூடுங்கள். கீழே சற்று இறுக்கம், மேலே போகப்போகத் தளர்வு. தலைகீழாகச் செய்தால் பாதம் வீங்கிவிடும்.

கட்டி முடித்ததும் பெருவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். விரல் குளிர்ந்தாலோ மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுங்கள். மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டும்போது நேரும் பெரிய கெடுதல் இந்த இரத்த ஓட்டத் தடைதான்.

உயரம். படுத்து, கால் இருதயத்தைவிட மேலே இருக்கும்படி இரண்டு தலையணை. நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் காலை நீட்டுவது போதாது. கால் இருதயத்துக்குக் கீழேயேதான் இருக்கும், நீர் வடியாது.

ஐஸ். ஈரத்துணியில் சுற்றி 15 நிமிடம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. இது வலியைக் குறைக்கத்தான், ஜவ்வை ஆற்றுவதில்லை. நேரே தோலில் வைத்தால் தோல் வெந்துபோகும். பாதம் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகள் வைக்கவே வேண்டாம்.

வலிக்குப் பாராசிட்டமால் போதும். சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப்புண்ணோ உள்ளவர்கள் டைக்ளோஃபினாக் போன்றவற்றைக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள்.

சுளுக்கு வழிப்பது பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடலாம். முதல் மூன்று நாள் யார் கையிலும் காலைக் கொடுக்காதீர்கள். கிழிந்த இடத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அப்போதுதான் அடைபட்டுக்கொண்டிருக்கும். அழுத்தி வழித்தால் மறுபடி கசிந்து வீக்கம் கூடும். வெடுக்கென்று இழுத்துச் சொடக்கு எடுத்தால் பாதி கிழிந்த ஜவ்வு முழுதாகக் கிழியலாம். வெந்நீர் ஒத்தடமும் அந்த நாட்களில் வேண்டாம். வீக்கம் வற்றிய பிறகு எண்ணெய் போட்டு மெதுவாக நீவுவதிலோ ஒத்தடத்திலோ தீங்கில்லை, இறுக்கம் தளர உதவும்.

ஜவ்வு முழுதாகக் கிழிந்து நிற்கவே முடியாதவர்களுக்கு மருத்துவர் பத்து நாள் வரை மாவுக்கட்டுப் போடக்கூடும். அதில் பயனுண்டு. அதற்கு மேல் மாதக்கணக்கில் மாவுக்கட்டிலேயே வைத்திருந்தால் மூட்டு இறுகும், தசை வற்றும்.

5. அசைவும் நடையும்

இரண்டாம் மூன்றாம் நாளிலேயே, வலி பொறுக்கும் அளவுக்குள், விரல்களை முகத்தை நோக்கி இழுத்து விடுங்கள். ஒரு தடவைக்கு 20, நாளைக்கு ஐந்தாறு தடவை. மேல்நோக்கிய அசைவு முதலில் வேண்டும்: மூட்டைப் பூட்டும் நிலை அதுதான், வீக்கத்தில் முதலில் தொலைவதும் அதுதான். நான்காம் நாளுக்கு மேல் பெருவிரலால் காற்றில் அ, ஆ, இ என்று எழுதலாம். பாதத்தை உள்பக்கம் வலிந்து திருப்பிப் பார்ப்பது மட்டும் மூன்று வாரத்துக்கு வேண்டாம். "இன்னும் வலிக்குதா பாப்போம்" என்று தினமும் திருப்பிப் பார்ப்பது ஆறும் ஜவ்வைத் தினமும் பிய்ப்பதாகும்.

ஊன்றுகோல் அடிபடாத பக்கத்துக் கையில் இருக்க வேண்டும். வலது கால் என்றால் இடது கையில். அடிபட்ட காலும் கோலும் ஒன்றாக முன்னே போகும், எடை பகிரும். அடிபட்ட பக்கமே பிடித்தால் உடம்பு அந்தப் பக்கம் சாய்ந்து எடை கூடும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்.

குதிகால் முதலில் பதிந்து, பாதம் உருண்டு, பெருவிரலால் தள்ளும் நடை வர வேண்டும். நுனிக்காலில் குதித்துக் குதித்து நடப்பவர்கள் மூட்டைத் தளர்ந்த நிலையிலேயே வைத்திருக்கிறார்கள். சீராக நடக்க முடியவில்லை என்றால் அடியைச் சிறிதாக்குங்கள், நொண்டலைப் பழக்கமாக்காதீர்கள்.

6. உட்காருவது, கழிப்பறை, வண்டி

நம் வீடுகளில் சுளுக்கை நீட்டுவது பெரும்பாலும் இவைதான். எக்ஸ்ரே பார்த்த மருத்துவருக்கும் இதையெல்லாம் கேட்க நேரமிருக்காது.

சம்மணம் போட்டால் வெளிக்கரண்டை தரையில் அழுந்த, விரல் கீழே, பாதம் உள்ளே என்ற அதே நிலையில் கால் அரைமணி நேரம் கிடக்கும். முதல் மூன்று நான்கு வாரம் சாப்பாட்டுக்கும் சரி, பூக்கட்ட உட்கார்ந்தாலும் சரி, அடிபட்ட காலை நீட்டி வையுங்கள்; இல்லாவிட்டால் நாற்காலி.

குத்துக்காலிட்டு உட்காரப் பாதம் கணுக்காலில் நன்றாக மேல்நோக்கி மடங்க வேண்டும். அது திரும்புமுன் இந்தியக் கழிப்பறையில் உட்கார்ந்தால் குதிகால் எழும்பி, ஈரத்தரையில் நுனிக்காலில் நிற்பீர்கள். மேற்கத்தியக் கழிப்பறை இல்லையென்றால் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போடலாம்.

இடது கால் என்றால் கியர் பைக் வேண்டாம், வலது கால் என்றால் பிரேக் மிதிக்க முடியாது. ஸ்கூட்டரிலும் நிறுத்தும்போது கால் ஊன்ற வேண்டியிருக்கும், அது நல்ல காலாக இருக்கட்டும். பாத்ரூம் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே நடக்காதீர்கள். குதிகாலைப் பிடிக்காத செருப்பில் பாதம் வழுக்கி ஓரம் மடங்கும்.

7. பலம்

சீராக நடக்க வந்த பிறகே இது. சாதாரணமாக இரண்டாம் வாரத்தில்.

வெளிக்கரண்டைக்குப் பின்னால் இறங்கும் பெரோனியல் தசைகள்தான் பாதத்தை வெளிப்பக்கம் இழுப்பவை. கிழிந்த ஜவ்வின் வேலையைப் பகிர்ந்துகொள்ளக்கூடியவை அவைதான். சைக்கிள் டியூப்பைக் கட்டில் காலில் கட்டி, மறுமுனையைப் பாதத்தின் வெளியோரம் மாட்டி, முழங்காலை அசைக்காமல் பாதத்தை மட்டும் வெளியே தள்ளுங்கள். இரண்டு நொடி தள்ளி, மூன்று நொடி மெதுவாக விடுங்கள். 15 தடவை, மூன்று சுற்று. விடும்போது மெதுவாக விடுவதுதான் முக்கியம், கால் மடங்கும்போது அந்தத் தசை செய்ய வேண்டிய வேலை அதுவே. தொடையிலிருந்து காலையே திருப்பிவிட்டு பாதம் நகர்ந்ததாக நினைப்பது எல்லோரும் செய்யும் பிழை. முழங்காலில் ஒரு கையை வைத்துக்கொண்டால் தெரிந்துவிடும்.

அடுத்து சுவரைப் பிடித்துக் குதிகால் உயர்த்துதல். முதலில் இரு காலிலும் 15, மூன்று சுற்று. பிறகு இரு காலில் ஏறி ஒரு காலில் இறங்குதல். கடைசியில் ஒரு காலிலேயே 20. எடை பெருவிரல் பக்கம் விழ வேண்டும். சுண்டுவிரல் பக்கம் சாய்ந்தால் நிறுத்துங்கள்.

பாதம் மேல்நோக்கி எவ்வளவு மடங்குகிறது என்று அளக்க எளிய வழி உண்டு. சுவரை நோக்கி நின்று, குதிகால் எழாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். தொட முடிகிற அளவுக்குப் பாதத்தைப் பின்னால் நகர்த்தி, பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்து நல்ல காலோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டருக்குள் வரும்வரை ஓட வேண்டாம்.

8. நிதானம்

எவ்வளவு பலமான தசையும், கால் மடங்கத் தொடங்கிய பிறகு விழித்துக்கொண்டால் நேரம் போதாது. அவ்வளவு சீக்கிரம் மடங்கி முடிந்துவிடும். பாதம் தரையில் படுமுன்பே தசை தயாராக நிற்க வேண்டும். அதைக் கற்றுக்கொடுப்பது டியூப் பயிற்சி இல்லை, ஒற்றைக்கால் நிற்றல்தான்.

வெறுங்காலோடு, எட்டும் தூரத்தில் சுவர் இருக்க, அடிபட்ட காலில் 30 நொடி நில்லுங்கள். முழங்கால் சற்று மடங்கியிருக்கட்டும். பூட்டி நின்றால் இடுப்பு வேலை செய்யும், கணுக்கால் தூங்கும். ஐந்து தடவை, தினமும். அசையாமல் நிற்க வந்ததும் கண்ணை மூடுங்கள். இதுவரை கண் கொடுத்த தகவலை இனி மூட்டு கொடுக்க வேண்டும். நல்ல காலில் அலட்டாமல் நிற்பவர்கள் அடிபட்ட காலில் ஐந்து நொடியில் தடுமாறுவதைப் பார்க்கலாம். வலி துளியும் இருக்காது, தடுமாற்றம் மட்டும் இருக்கும். மறுபடி மடங்கப்போகும் கால் இதுதான்.

பிறகு நான்காக மடித்த போர்வையின் மேல். பிறகு அதில் நின்றபடி பந்தைச் சுவரில் எறிந்து பிடித்தல். கவனம் பந்தில் இருக்கும்போதும் கால் தன் வேலையைச் செய்ய வேண்டும் என்பதற்காக. வரப்பில் நடப்பவர்களுக்கு இன்னொன்று: தரையில் ஒரு கோடு போட்டு, அதன்மேல் குதிகாலும் விரலும் ஒட்ட நடந்து பழகுங்கள், பிறகு கையில் பாதி நிறைந்த குடத்தோடு.

ஆறு வாரமாவது தினம் பத்து நிமிடம். நன்றாகிவிட்டதே என்று மூன்றாம் வாரத்தில் நிறுத்துவதுதான் இந்தப் பாதையில் நடக்கும் மிகப் பெரிய தவறு.

9. ஓட்டமும் களமும்

வரிசை: வேக நடை, நேர் ஓட்டம், இரு கால் துள்ளல், ஒற்றைக்கால் துள்ளல், எட்டு வடிவ ஓட்டம், திடீர்த் திருப்பம். திருப்பம் கடைசி, ஏனென்றால் ஜவ்வைச் சோதிப்பது அதுதான். நேராக ஓட வந்ததுமே கபடிக்குப் போகிறவர்கள் அந்தச் சோதனையை எதிராளியின் கையில் விடுகிறார்கள்.

வேக நடைக்குத் திருப்பரங்குன்றம் கிரிவலப் பாதை போன்ற சமமான தார்ச்சாலை நல்லது. வைகை மணலும் உழுத காடும் பிந்திய கட்டம். ஒவ்வொரு கட்டத்தையும் ஒருநாள் செய்து, மறுநாள் காலை பாருங்கள். வீக்கமோ விறைப்போ கூடியிருந்தால் முந்தைய கட்டத்துக்குத் திரும்புங்கள். அன்றைய வலியைவிட மறுநாள் காலை வீக்கம் நம்பகமானது.

லேசான சுளுக்கில் இரண்டு வாரத்திலும், நடுத்தரத்தில் ஒன்றரை மாதத்துக்குள்ளும், முழுக் கிழிசலில் மூன்று மாதத்திலும் களம் இறங்கலாம் என்பது தோராயக் கணக்கு. பொங்கல் போட்டி நெருங்குகிறது என்பதற்காக ஜவ்வு சீக்கிரம் ஆறாது. உள்ளே புது நார்கள் சரியான திசையில் அடுக்கப்பட்டு முறுக்கேறுவது மாதக்கணக்கில் நடக்கும் வேலை. அதனால் விளையாடும்போதும் கரடுமுரடான தரையில் வேலை செய்யும்போதும் பிரேஸை ஓராண்டு வரை போடுவது நல்லது. வீட்டில் கழற்றிவிடுங்கள். பிளாஸ்டர் டேப் சுற்றினால் அரைமணி நேர ஆட்டத்தில் வியர்த்துத் தளர்ந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

10. முட்டிக்கும் முதுகுக்கும் இதே வரிசை செல்லாது

முட்டியில் டொக் என்ற சத்தம், இரண்டு மணி நேரத்துக்குள் பெரிய வீக்கம் என்றால் மூட்டுக்குள் இருக்கும் முன் குறுக்கு ஜவ்வு போயிருக்க வாய்ப்பு அதிகம். முட்டியின் உள்பக்கப் பக்கவாட்டு ஜவ்வு பெரும்பாலும் பிரேஸிலேயே ஆறும். குறுக்கு ஜவ்வின் அறுந்த முனைகள் மூட்டு நீரில் மிதப்பதால் எளிதில் ஒட்டாது. தாமதிக்காமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

முதுகெலும்பின் பின்பக்க ஜவ்வுகள் ஒரே அடியில் கிழிவதைவிட நாள்பட இழுபடுவதே அதிகம். நாற்று நடவிலோ களையெடுப்பிலோ நெடுநேரம் குனிந்திருந்தால் அவை மெல்ல நீண்டு, பிடிப்புத் தளரும். அப்படியே நிமிர்ந்து மூட்டை தூக்குவதுதான் ஆபத்து. எழுந்து, இடுப்பில் கை வைத்துப் பின்னால் இரண்டு மூன்று தடவை மெல்ல வளைந்து, சில நிமிடம் நடந்த பிறகு தூக்குங்கள்.

11. மறுபடி மருத்துவரிடம் போக வேண்டியது எப்போது?

ஐந்தாறு நாளாகியும் நான்கு அடி வைக்க முடியாவிட்டால். ஆறு வாரத்துக்குப் பிறகும் மூட்டின் உள்ளே ஆழமாக வலித்தால் அல்லது மூட்டு சிக்கிக்கொண்டு விடுபட்டால். தாலஸின் குருத்தெலும்பில் அடிபட்டிருக்கலாம், எக்ஸ்ரேயில் அது தப்பிவிடும். மூன்று மாதம் முறையாகப் பயிற்சி செய்தும் கால் மடங்கிக்கொண்டே இருந்தால்.

சர்க்கரை நோயாளிக்குப் பாதம் வலியே இல்லாமல் சிவந்து, சுட்டு, வீங்கினால் அன்றே. கெண்டைக்கால் முழுதும் வீங்கி வலித்தால் அன்றே; அதோடு மூச்சும் திணறினால் 108-ஐ அழையுங்கள்.